பதினான்காவது வேலை

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் இங்கே சௌக்கியம், நீயும் அங்கே அப்படியே இருப்பாய் என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போகத்தான் பேனாவை எடுத்தேன். எழுதியும் விட்டேன். ஆனால் அந்த ஒரு வரியில் பாதி பொய் இருக்கிறது, அந்தப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே என்பதால் திருத்தி எழுதுகிறேன்: நான் சௌக்கியம், அம்மா இப்போதுதான் சௌக்கியம் ஆகிக்கொண்டிருக்கிறாள். பதறாதே, உடம்புக்கு ஒன்றும் இல்லை. மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நீ போனில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய், ஞாபகம் இருக்கும். "அம்மாவுக்கு என் மேல இன்னும் கோவமாப்பா? ஏழு மாசமா முகத்தையே காட்ட மாட்டேங்கறாங்க" என்று கேட்டாய். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று நான் சொன்னேன். நீ அதற்கு மேல் ஏதோ சொல்ல ஆரம்பித்தாய், "நான் இங்க வந்ததுலேருந்து" என்று. அவ்வளவுதான், நீ அனுப்பிய அந்தச் சிவப்புக் கடிகாரம் கணகணவென்று அடித்தது, அன்றைய பட்டியலில் ஒன்பதாவது வேலையாக 'மகளோடு பேச்சு, பதினைந்து நிமிடம்' என்று எழுதியிருந்தேன், பதினைந்து நிமிடம் முடிந்துவிட்டது, நானும் சரிம்மா நேரமாச்சு என்று வைத்துவிட்டேன். வைத்துவிட்டுப் பட்டியலில் ஒரு டிக் வேறு போட்டேன், பெருமையாக. அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு நீ கூப்பிடவில்லை. வேலை அதிகம் என்று இரண்டு வரி மட்டும் அனுப்பினாய். நான் நம்பவில்லை.

அதனால் முதலில் பதில். அம்மாவுக்கு உன் மேல் கோபம் இல்லை, எள்ளளவும் இல்லை. நீ அந்த வேலைக்குக் கிளம்பியபோது அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது உண்மை, பக்கத்திலேயே ஒரு வேலை கிடைத்திருக்கும்போது இவ்வளவு தூரம் போகவேண்டுமா என்று கேட்டது உண்மை, வழியனுப்ப வந்தபோது ஒரு வார்த்தை பேசாமல் உன் பெட்டியின் பூட்டையே பத்துத் தடவை இழுத்து இழுத்துப் பார்த்ததும் உண்மை. ஆனால் அதெல்லாம் நீ போய்ச் சேர்ந்த மறுவாரமே கரைந்துவிட்டது, பஸ் நிலையத்தில் அவளோடு வேலை செய்கிறவர்களிடமெல்லாம் என் பொண்ணு அங்கே பத்துப் பேருக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறாள் என்று சொல்லிச் சொல்லி அவர்கள் காது புளித்துப் போயிருக்கிறது. முகம் காட்டாததற்குக் காரணம் நான். எப்படி என்று சொல்லுகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படி, நீளமாக வரும். தாளின் பின்பக்கத்தை இப்போது திருப்பிப் பார்க்காதே, அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

போன வருஷம் நீ லீவில் வந்திருந்தபோது உன் அப்பன் மூக்குக் கண்ணாடியைத் தேடி அரைமணி நேரம் வீட்டைப் புரட்டிப் போட்டதையும், கடைசியில் அது என் நெற்றியிலேயே இருந்ததையும் பார்த்து நீ சிரித்தாய். அப்போதே சொன்னாய், உங்களுக்கு வேலை தெரியும் அப்பா, நேரம்தான் தெரியாது என்று. எனக்கு அது உறைத்தது. முப்பத்தோரு வருஷமாக வாசல் அறையில் உட்கார்ந்து பல் போனவர்களுக்கெல்லாம் பல் செட் செய்து கொடுக்கிறவன், ஒரு தடவையாவது சொன்ன தேதிக்குக் கொடுத்தவன் இல்லை. டாக்டர் அளவெடுத்து அனுப்புவார், நான் நாளைக்கு என்பேன், நாளை மறுநாள் என்பேன், அங்கே ஒருவர் கஞ்சியையே குடித்துக்கொண்டு என் நாளைக்காகக் காத்திருப்பார். பிறகு ஆறு மாதம் முன்னால் உன் பார்சல் வந்தது, அந்தச் சிவப்புக் கடிகாரமும் கூடவே நீ கைப்பட எழுதிய நாலு பக்கமும். காலையில் எல்லா வேலையையும் எழுது, கடினமானதை முதலில் செய், ஒரே மாதிரி வேலைகளைச் சேர்த்துச் செய், இருபத்தைந்து நிமிடம் எழாமல் உட்கார், ஐந்து நிமிடம் ஓய்வு, மாதக் கடைசியில் எந்த வேலை தினமும் தள்ளிப் போகிறது என்று எடுத்துப் பார். நல்ல புத்திதான். கொடுத்தவள் மேல் குற்றமில்லை. குரங்கு கையில் பூமாலையாகப் போனால் பூ என்ன செய்யும்.

நான் உடனே அச்சகத்துக்குப் போய் மேலே 'இன்றைய வேலைகள்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கோடு, கட்டம், டிக் போட இடம் எல்லாம் வைத்து இருநூறு தாள் அடித்துக்கொண்டு வந்தேன். அதை அடித்துத் தரச் சொல்லி மூன்று நாள் அச்சகத்திலேயே நின்றதில் நாலு பேருடைய பல் தள்ளிப் போனது, அது வேறு கதை. அம்மா தாளைப் பார்த்துவிட்டு, வேலை செய்யறதுக்கு முன்னாடி வேலையைப் பத்தி இவ்வளவு வேலையா என்று கேட்டாள். நான் அவளுக்கு விளக்கினேன். விளக்கியது முக்கால் மணி நேரம்.

முதலில் வீட்டில் இருந்து ஆரம்பித்தேன், ஆகாத மாமியார் மாதிரி. சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அம்மா காலையில் அடுப்புக்கும் குழாய்க்கும் அலமாரிக்கும் எத்தனை நடை நடக்கிறாள் என்று எண்ணினேன். நூற்று எழுபத்து மூன்று. டீத்தூளையும் உப்பையும் தட்டுகளையும் இடம் மாற்றி வைத்தால் தினமும் பதினொரு நிமிடம் மிச்சம் என்று கணக்குப் போட்டு, அவள் டூட்டிக்குப் போன நேரத்தில் அத்தனையையும் மாற்றியும் விட்டேன். மறுநாள் காலை அவள் டீத்தூளைத் தேடியதில் பஸ் போய்விட்டது. பஸ் நிலையத்தில் வேலை செய்கிறவளுக்கே பஸ் போய்விட்டது என்பதை அவளோடு வேலை செய்கிறவர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்களாம். சாயங்காலம் வந்து, நேற்று வரைக்கும் மிச்சம் பிடித்த நிமிஷத்தையெல்லாம் எந்த டப்பாவில் போட்டு வைத்திருக்கிறீர்கள், அதையாவது சொல்லுங்கள் என்று கேட்டாள். ஒரு கையால் வாயை மூடிக்கொண்டுதான் கேட்டாள். அந்தக் கை ஏன் வாய்க்குப் போனது என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். என் கவனம் டப்பாக்களில் இருந்தது.

இங்கே நிறுத்தி, மறைத்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ போய் மூன்று மாதம் ஆனபோது அம்மாவுக்கு ஈறு வீங்கி, மேல் வரிசையில் முன்பல் மூன்று ஆட ஆரம்பித்தது. டாக்டர் காப்பாற்றப் பார்த்தார், முடியவில்லை, மூன்றையும் எடுத்துவிட்டார். ஈறு ஆற இரண்டு மாதம் ஆகும், அதற்குள் உங்கள் வீட்டுக்காரரே அழகாகக் கட்டிக் கொடுத்துவிடுவார், உங்களுக்கென்னம்மா கவலை என்றார். நானும் பக்கத்தில் நின்று மீசையை முறுக்கிக்கொண்டேன். அம்மாதான் உன்னிடம் சொல்லவேண்டாம் என்றாள், புது இடத்தில் புது வேலையில் இருக்கிறவளை எதற்குக் கலவரப்படுத்துவது, பல் வந்த பிறகு சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம் என்றாள். இரண்டு மாதம்தானே என்று போனில் முகத்துக்குப் பதில் மேலே ஓடுகிற ஃபேனைக் காட்டினாள். நீகூட, அம்மா உங்க ஃபேன் நல்லா இருக்கு, இன்னிக்கு என்ன சாப்பிட்டுச்சு என்று கேலி செய்தாய். அவள் சிரித்தாள், உனக்குத் தெரியாமல். இரண்டு மாதம் ஏழு மாதம் ஆனது. அந்த ஏழில் இரண்டுதான் ஈறு ஆறியது, மீதி ஐந்தும் என் கைங்கரியம்.

பல் போனால் சொல் போச்சு என்று சும்மாவா சொன்னார்கள். உன் அம்மா வேலை என்ன, விசாரணைக் கவுண்டரில் மைக்கைப் பிடித்து எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று நாள் முழுக்கச் சொல்லுவதுதானே. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் குரலைக் கேட்டு ஓடி வண்டி பிடித்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர். பல் எடுத்த பிறகு மைக்கில் காற்றுதான் அதிகம் வருகிறது, சொல் கம்மியாக வருகிறது என்று அவளே மேலதிகாரியிடம் கேட்டுப் பின்னால் இருக்கிற ரிக்கார்டு அறைக்கு மாறிக்கொண்டாள். என்னிடம் சொல்லும்போது, கவுண்டரில் கூட்டம் தாங்கவில்லை, இங்கே நிம்மதி என்றாள். நானும் நல்லதுதான், அங்கே இடைஞ்சல் இல்லாமல் வேலை நடக்கும் என்று சொன்னேன், உன் நாலு பக்கத்தில் இடைஞ்சல் பற்றியும் ஒரு பத்தி இருந்ததே. இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சரி, ஐந்து மாதம் நான் என்ன கிழித்தேன் என்று நீ கேட்பாய். ஒரே மாதிரி வேலைகளைச் சேர்த்துச் செய் என்று எழுதினாய் அல்லவா, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். முன்பெல்லாம் ஒருவருடைய பிளாஸ்டர் வாய் அச்சை எடுத்தால் முதலில் அதன் அடியில் பென்சிலால் பெயர் எழுதுவேன், பிறகு மெழுகு, பிறகு பல் நட்டு, அதை முடித்த பிறகுதான் அடுத்தவர். புது முறையில் ஆறு பேருடைய அச்சுகளையும் ஒரு தட்டில் வரிசையாக அடுக்கி, ஆறுக்கும் மெழுகு, ஆறுக்கும் பல் என்று இறங்கினேன். பெயர் எழுதுவது தலைக்கு ஒரு நிமிடம், ஆறு நிமிடம் வீண், வரிசைதான் மனசில் இருக்கிறதே என்று அதை விட்டுவிட்டேன். முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவை ஒரே நாளில் ஆறு செட். எனக்கு இறக்கை முளைத்தது போல இருந்தது. நடுவில் வெளிச்சம் போதவில்லை என்று தட்டை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தது மட்டும் அப்போது எனக்கு ஞாபகம் இல்லை. தட்டு திரும்பினால் முதல் ஆள் கடைசி ஆள் ஆகிவிடுவான் என்பதைச் சின்னக் குழந்தையும் சொல்லும். நான் வரிசைப்படி டப்பாவில் போட்டு, வரிசைப்படி பெயர் ஒட்டி, நானே கொண்டுபோய் டாக்டரிடம் கொடுத்து, பார்த்தீர்களா சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னாலேயே என்று சொல்லி, அவர் கொடுத்த டீயையும் குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் பத்தரை மணிக்கு டாக்டர் போன். ஒருத்தர் வாயிலும் ஒன்றும் நிற்கவில்லை என்றார். பாவம், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், குருவி மாதிரி சின்ன வாய், அவருக்கு லாரி டிரைவர் ஒருவருடைய செட் போயிருக்கிறது. டிரைவருக்குத் தாடை இரண்டு மடங்கு. தலைமை ஆசிரியர் வாயை மூட முடியாமல் அரைமணி நேரம் சிரித்த முகமாகவே இருந்திருக்கிறார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் நான் சிரித்து ஒருவரும் பார்த்ததில்லை, இப்போது உங்கள் ஆள் நிறுத்தவே விடமாட்டேன் என்கிறார் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். நல்ல மனுஷர், வேறு ஒருவராக இருந்தால் வாசலுக்கே வந்து அந்தச் செட்டை என் மூஞ்சியில் எறிந்திருப்பார். ஆறையும் பிரித்து, அச்சோடு அச்சு பொருத்திப் பார்த்து, யாருடையது யாருடையது என்று கண்டுபிடித்துச் சரி செய்ய ஒன்பது நாள் ஆனது. ஆறு நிமிடம் மிச்சம் பிடித்தவனுடைய கதி. அந்த ஒன்பது நாளும் பட்டியலில் கடைசி வரி அப்படியே கீழே தள்ளிப் போனது, அதையும் நான் கவனிக்கவில்லை.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உன் போனை வைத்துவிட்டு டிக் போட்டேன் என்றேனே, போட்டபோது நீ பாதியில் விட்ட வார்த்தை காதில் நின்றுவிட்டது. என்னவோ போல இருந்தது. மறுநாள் மாதக் கடைசி. மாதக் கடைசியில் பழைய தாள்களை எடுத்துப் பார்க்கவேண்டும் என்று எழுதியிருந்தாய், அந்த வேலையையே ஐந்து மாதமாகத் தள்ளிக்கொண்டு வந்திருந்தேன், சரி இன்றைக்காவது பார்ப்போம் என்று கட்டை எடுத்து மேஜையில் வைத்துப் புரட்டினேன். குழாய் சொட்டுவது, ஏழு தாளில் இருக்கிறது, எட்டாவதில் டிக். அலமாரிக் கதவு, மூன்று தாள், டிக். டாக்டர் பாக்கி வேலைகள், டிக், டிக். எல்லாத் தாளிலும் கடைசியில், பதினான்காவதாக, என் கையெழுத்தில் ஒரே வரி: 'வீடு: பல்'. பக்கத்தில் நாளைக்கு என்று ஒரு அம்புக்குறி. அடுத்த தாளில் மறுபடி அதே வரி, அதே அம்பு. விரலில் எச்சில் தொட்டு எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு தாள். நூற்றுப் பன்னிரண்டு நாள் உன் அம்மாவை நான் அழகான கையெழுத்தில் நாளைக்குத் தள்ளியிருக்கிறேன். 'அம்மா பல்' என்றுகூட எழுதவில்லை, பார்.

கட்டை அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தாள்களைப் பார்த்தாள், மடிப்பதை நிறுத்தவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எனக்குத் தெரியும். தினமும் மேஜை துடைக்கறப்ப பார்ப்பேன். பதினாலாவதா இருக்கேன். ஒரு நாள் பதிமூணுக்கு வந்தேன், எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. மறுநாள் பார்த்தா திரும்பவும் பதினாலு." இவ்வளவுதான் சொன்னாள், குரலில் கோபம்கூட இல்லை, பஸ் நேரம் சொல்லுகிற மாதிரி சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை. நான் அந்தத் துணி மூட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன், எனக்கு அழுகை வந்துவிட்டது என்பதை உன்னிடம் சொல்ல வெட்கமில்லை.

பாப்பாவிடமாவது சொல்லியிருக்கலாமே, அவள் உனக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாளே என்று கேட்டேன். அது தெரிந்ததும் அவள் கை நின்றது. நீ அப்படி நினைப்பாய் என்று அவளுக்குத் தோன்றவே இல்லையாம். பிறகு சொன்னாள், அவளிடம் சொன்னால் உங்களைத்தான் பிடிபிடி என்று பிடிப்பாள், ஊருக்கெல்லாம் பல் கட்டுகிற அப்பாவுக்கு அம்மாவுக்குக் கட்ட நேரமில்லையா என்று கேட்பாள், அவள் கொடுத்த கடிகாரத்தை வைத்துக்கொண்டு நீங்கள் குழந்தை மாதிரி குதித்துக்கொண்டிருந்தீர்கள், அந்தச் சந்தோஷத்தை எதற்குக் கெடுக்கவேண்டும் என்று இருந்துவிட்டேன் என்றாள். பார்த்தாயா குட்டி, எனக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று தன் முகத்தை உனக்கு மறைத்திருக்கிறாள். இப்படிப்பட்டவளைத்தான் நான் பதினான்கில் வைத்திருந்தேன்.

மறுநாளே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அளவெடுத்துக்கொண்டே, உங்கள் ஆள் நேரம் தவறாதவர் ஆகிவிட்டார் என்று கேள்விப்பட்டேனே என்று அம்மாவைக் கேட்டார், வாய் நிறைய அளவு மாவை வைத்துக்கொண்டு அவள் என்ன சொல்ல முடியும், கண்ணால் என்னைக் காட்டினாள். வீட்டுக்கு வந்து அச்சு ஊற்றினேன். அடியில் முதல் வேலையாகப் பெயர் எழுதினேன். இரண்டு நாளில் மெழுகில் மூன்று பல்லையும் நட்டு, கோடு கிழித்த மாதிரி நேராக, நான் இதுவரை செய்ததிலேயே அழகாக நிறுத்தி, அவள் வாயில் வைத்துக் கண்ணாடியைக் கொடுத்தேன். அவள் இப்படியும் அப்படியும் பார்த்தாள். நல்லாத்தான் இருக்கு, ஆனா யாரோ மாதிரி இருக்கு என்றாள். எனக்கு உடனே புரிந்தது. அவளுக்கு முன்பல் ஒன்று லேசாகத் திரும்பி, பக்கத்துப் பல் மேல் ஒட்டினாற்போல் நிற்கும், சிரித்தால் முதலில் அதுதான் தெரியும். அது வலப் பல்லா, இடப் பல்லா? யோசித்தேன், யோசித்தேன், தெரியவில்லை அம்மாடி. முப்பது வருஷம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவன், அடுத்தவன் வாயைப் பார்ப்பதே பிழைப்பாக வைத்திருப்பவன், தன் பெண்டாட்டி சிரித்தால் எந்தப் பல் முன்னால் வரும் என்று தெரியாமல் மெழுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவளையே கேட்கலாம்தான். கேட்க எனக்கு முகமில்லை. போட்டோக்களை எடுத்தேன், காமிரா என்றால் உதட்டை இறுக மூடிக்கொள்கிற ஜாதி அவள், ஒன்றிலும் பல் இல்லை.

அப்போதுதான் மேல் தட்டில் இருக்கிற பழைய டப்பா ஞாபகம் வந்தது. உனக்குப் பதினான்கு வயசில் டாக்டர் பல்லுக்குக் கம்பி போடலாம் என்றார், அளவெடுத்தார், நான் பிளாஸ்டரில் அச்சு ஊற்றினேன், கடைசி நேரத்தில் அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். என் பல்லுதான் அவளுக்கு வந்திருக்கு, இருந்துட்டுப் போகட்டும் என்றாள், நீகூட இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அந்த அச்சை நான் தூக்கிப் போடவில்லை. தூசி தட்டி இறக்கினேன், அடியில் பென்சிலால் உன் பெயர், தேதி எல்லாம் இருக்கிறது. வலப் பக்கத்து முன்பல். நூல் அளவு திரும்பி, பக்கத்துப் பல் மேல் தோளைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. அதை எதிரில் வைத்துக்கொண்டு, உன் வாயைப் பார்த்துப் பார்த்து அம்மாவின் மெழுகில் அந்த ஒரு பல்லைத் திருப்பினேன். திருப்பிப் பார்ப்பேன், அதிகமாகிவிடும், மெழுகைச் சூடு காட்டி மறுபடி கொஞ்சம் பின்னால். சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவன், வெளிச்சம் போகிற வரைக்கும் ஒரே ஒரு பல். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கவில்லை. உன் கணக்குப்படி பார்த்தால் என் வாழ்க்கையிலேயே படுமோசமான மதியம் அதுதான், நாலரை மணி நேரத்துக்கு ஒரு பல், நான் அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.

பிறகு செட்டை முடித்து, பாலிஷ் போட்டு, நேற்றுச் சாயங்காலம் அம்மாவிடம் கொடுத்தேன். உள்ளே போய் மாட்டிக்கொண்டாள், கண்ணாடி முன்னால் நின்றாள். நான் வாசல் அறையிலேயே நின்றுகொண்டேன், டாக்டர் முன்னால் நிற்கிற நோயாளி மாதிரி. சரி, இதுவும் யாரோ மாதிரி இருக்கிறது போல என்று எட்டிப் பார்த்தேன். அவள் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கை வாய்க்குப் போகவில்லை, இரண்டு கையும் கீழே இருந்தது. "இது நம்ம பாப்பா சிரிக்கிற மாதிரி இருக்கே" என்றாள். நான் ஆமாம் என்று மட்டும் சொன்னேன். பிறகு அலமாரியில் இருந்து ஒரு ஆப்பிளை எடுத்தாள், நான் இன்றைக்கே வேண்டாம், நாலு நாள் போகட்டும் என்று கத்தக் கத்தக் கடித்தாள்.

மற்ற விஷயம் எல்லாம் வழக்கம் போலத்தான். குளியலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது, டிக் போட்டதெல்லாம் முடிந்த வேலை என்று நினைத்துவிடாதே. டீத்தூள் பழைய இடத்துக்கே போய்விட்டது. அம்மா திங்கட்கிழமையில் இருந்து மறுபடி மைக்குக்குப் போகிறாளாம், மேலதிகாரியிடம் சொல்லியாகிவிட்டது. இன்று காலை சமையலறையில் ஐந்து நாற்பது வண்டி மூன்றாவது மேடையில் என்று சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள், அடுத்த வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எந்த ஊருக்கு என்று கேட்டார். உனக்கு ஒரே ஒரு புத்திமதி, கேட்டால் கேள். நேரம் மிச்சமாகும் என்று கம்ப்யூட்டர் முன்னாலேயே மதியம் சாப்பிடுகிறேன் என்று ஒரு தடவை சொன்னாய், அப்போது நான் உன்னைப் பாராட்டினேன். அந்தப் பாராட்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எழுந்து போய், நாலு பேரோடு உட்கார்ந்து, மென்று சாப்பிடு. பல் இருக்கிறபோதே மெல்லவேண்டும், இதைச் சொல்ல எனக்குத் தொழில் தகுதி இருக்கிறது.

இனி நீ தாளைத் திருப்பிப் பார்க்கலாம். அச்சடித்த இருநூறில் எழுதாதது எத்தனையோ மிச்சம் இருக்கிறது, ஆனால் இந்தக் கடிதத்தை வேண்டுமென்றே, பட்டியல் எழுதிய பழைய தாள்களின் பின்பக்கத்தில்தான் எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் கடைசி வரியைப் பார். நான் வாயால் சொன்னால் நீ என்னைச் சும்மா விட்டுவிடுவாய், அப்பா பாவம் என்பாய். எழுத்து மூலமாக இருக்கட்டும்.

வருகிற ஞாயிறு நீ கூப்பிடவேண்டும். அம்மாதான் எடுப்பாள். ஃபேனைக் காட்டமாட்டாள். இந்தக் கடிதம் வந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, அவளே சொல்லட்டும், சொல்லும்போது முதல் தடவை கேட்கிற மாதிரி கேள், அவள் சிரித்தால் நீயும் பல் தெரியச் சிரி, இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் நான் பார்க்கவேண்டும். அவள் பேசி முடித்த பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொல். அன்றைக்கு "நான் இங்க வந்ததுலேருந்து" என்று ஆரம்பித்தாயே, மிச்சத்தைச் சொல். எவ்வளவு நேரமானாலும் சொல். அந்தக் கடிகாரத்தை அம்மா சமையலறைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள், முட்டை வேகவைக்க நன்றாக இருக்கிறதாம்.

நீ நினைத்ததெல்லாம் நடந்து, மனசும் வயிறும் நிறைந்து, பல் அத்தனையும் அதனதன் இடத்தில் கோணலாகவே நின்று, நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும் கண்ணு.

இப்படிக்கு,
பதினான்கில் ஒரு வேலையைச் செய்து முடித்த உன் அப்பா